கருங்குழியில் ஏறுகிறவன்

பதினோரு தலைகள் உருண்டும் பஸ்ஸில் ஒருவர்கூட வேர்க்கடலை மெல்லுவதை நிறுத்தவில்லை. ஜெபக்குமாருக்கு அதுதான் தாங்கவில்லை.

அவன் சொன்னது கொலைக் கதை. பாலாற்று மணலில் ஒருவன் அரிவாளோடு அலைகிறான், வருகிறவர் போகிறவர் தலையெல்லாம் போகிறது. நாலாவது தலையில் பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஏழாவது தலை விழுந்தபோது மெஷின் ஷாப் திருநாவுக்கரசு எழுந்து நின்று, "மச்சான், இத்தினி தலையும் ஒரே சைஸா? உங்க இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆச்சா?" என்று கேட்டான். அதற்கப்புறம் விழுந்த நாலு தலைகளை யாரும் கவனிக்கவே இல்லை.

அது 1999. மதுராந்தகத்தில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, கருங்குழி, படாளம், செங்கல்பட்டு என்று ஆள் ஏற்றிக்கொண்டு எட்டேகாலுக்கு மறைமலைநகர் போய்ச் சேரும் கம்பெனி பஸ். அதில் இருந்த டேப் ரெக்கார்டர் பொங்கலுக்கு முந்தின வாரம் மூச்சை விட்டது. டிரைவர் பன்னீர்செல்வம் அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். "காதுல எதுனா வுழுந்துகினே இருக்கணும். இல்லாட்டி படாளம் தாண்டுறதுக்குள்ள எனக்குக் கண்ணு சொருவிடும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அப்படிப் பிறந்ததுதான் கதை டியூட்டி. நாளுக்கு ஒருவர் இன்ஜின் பானெட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கதை சொல்ல வேண்டும். அசெம்பிளி சகுந்தலா தன் நாத்தனார் வழக்கைத் தொடர்கதையாகச் சொன்னாள். திருநாவுக்கரசு பெண்கள் முன்னால் சொல்லக் கூடாத ஜோக்குகளை, சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொண்டே சொன்னான். திங்கட்கிழமை ஜெபக்குமாருடையது.

ஜெபக்குமாருக்கு இருபத்துநாலு வயது. பிரேக் பாகங்களை வெர்னியர் வைத்து அளந்து பார்க்கும் வேலை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் செங்கல்பட்டில் தரக்கட்டுப்பாடு வகுப்புக்குப் போனான். அங்கே வாத்தியார் சொன்ன ஒரு விஷயம் அவனுக்கு மந்திரம்: நினைவை நம்பாதே, குறித்து வை. எனவே அவன் டைரி எழுதினான். சாப்பிட்ட இட்லி எத்தனை, பஸ் எத்தனை நிமிஷம் லேட், இன்றைக்குத் தான் உளறியது எத்தனை முறை. கடைசிக் கணக்கு எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

பதினோரு தலை விழுந்த அன்றும் கட்டம் போட்டு எழுதினான். எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள். எழுதிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான். கதையில் ஒரே ஒரு முறை சகுந்தலாவின் கை வேர்க்கடலைப் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுபோயிருந்தது. அது எந்தத் தலைக்கும் இல்லை. கொலைகாரன் ஒரு வீட்டுக்குள் போகும் முன் தன் செருப்பைக் கழற்றி, வாசலில் இருந்த மற்ற செருப்புகளோடு வரிசையாக வைத்தான் என்று ஜெபக்குமார் போகிற போக்கில் சொல்லியிருந்தான். அந்த வரிக்கு.

ரத்தம் ஒரு குடம் கொட்டியும் நடக்காதது ஒரு ஜோடிச் செருப்பில் நடந்திருக்கிறது. ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் தன்னையே கேட்டுப் பார்த்தான். அரிவாள்காரன் தன் வீட்டுக்கு வரப்போவதில்லை. செருப்பு மட்டும் தினமும் வாசலில் இருக்கிறது. அன்றைக்குப் படுக்கப் போகும் முன் ஜெபக்குமார் எழுந்து போய்த் தன் வீட்டு வாசலில் இருந்த செருப்புகளை எண்ணிவிட்டு வந்தான்.

அடுத்த திங்கட்கிழமை அவன் சொன்ன கதையில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை.

"ஒருத்தன் தெனமும் கருங்குழியில ஏறுறான். நம்ம பஸ்தான். பின்னாடி இருந்து ரெண்டாவது சீட்டு, லெஃப்ட் சைடு, ஜன்னலோரம். மெஷின் ஷாப்ல இருக்கிறவங்க அவன் பெயின்ட் ஷாப்புன்னு நெனச்சிகினு இருக்காங்க. பெயின்ட் ஷாப்ல ஸ்டோர்ஸுன்னு நெனைக்கிறாங்க. ஸ்டோர்ஸ்ல கேட்டா, 'அவரு மெஷின் ஷாப்பு ஆச்சே'ன்றாங்க. கம்பெனி கேட்டாண்ட எல்லாரோடயும் எறங்குறான். உள்ள போனதை யாரும் பார்த்தது இல்ல. சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடி வந்து சீட்டுல உக்காந்துகினு இருக்கான்."

அவன் நிறுத்தினான். பஸ் கொளவாய் ஏரியைக் கடந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றாள் சகுந்தலா.

"அப்புறம் ஒண்ணுமில்லக்கா. நாளைக்கும் ஏறுவான்."

யாரும் சிரிக்கவில்லை. திருநாவுக்கரசு மட்டும் மெதுவாகத் திரும்பி, பின்னாலிருந்து இரண்டாவது சீட்டைப் பார்த்தான். அங்கே உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ்காரர், "யோவ், நான்யா! எட்டு வருசமா வரேன்யா!" என்று அலறினார். மறுநாள் அவரும் வேறு சீட்டுக்கு மாறிவிட்டார்.

டைரியில் ஜெபக்குமார் எழுதினான்: சிரிப்பு 0. கொட்டாவி 0. அப்புறம் 1. வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பக்கத்தின் கடைசியில் தன்னைத் திட்டி எழுத அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இது அந்தத் திங்கட்கிழமையோடு நின்றிருந்தால் நல்ல கதை. பத்து நாள் கழித்து, ஏசுபாதம் கருங்குழியில் ஏறினான்.

முப்பது வயது இருக்கும். ஒல்லி, உயரம், பேச்சு கம்மி. கையில் டிபன் கேரியர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். பஸ்ஸில் காலியாக இருந்த ஜன்னலோரம் ஒன்றே ஒன்றுதான். பின்னாலிருந்து இரண்டாவது, லெஃப்ட் சைடு. போய் உட்கார்ந்தான்.

பஸ்ஸே நிமிர்ந்தது.

போதாததற்கு அவன் வேலையும் அப்படி அமைந்தது. கம்பெனியின் பின்கோடியில் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டில், ஷிஃப்டுக்கு ஒரே ஆள். கேட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் நேராகப் போக, அவன் சுவரோரமாக இடது பக்கம் திரும்பிச் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடுவான். மத்தியானச் சாப்பாடும் அங்கேயே. கேன்டீனில் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

"அக்கா, அது நான் கட்டுன கதை," என்று ஜெபக்குமார் சகுந்தலாவிடம் தலையில் அடித்துக்கொண்டான். "அவரு நெஜமான ஆளு. பேரு ஏசுபாதம்."

"நீ கட்டுன கதைன்னு நீ சொல்றே," என்றாள் சகுந்தலா. "அவன் வந்து உக்காந்துகினு கீறானே, அதுக்கு இன்னா சொல்றே?"

"தற்செயலுக்கா."

"தற்செயலா கரெக்டா அந்த சீட்டுல?"

யாரும் ஏசுபாதத்திடம் கெட்டதாக எதுவும் பேசவில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான். அவன் ஏறும்போது எல்லோருக்கும் ஜன்னலுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். பக்கத்து சீட்டு காலியாகவே கிடந்தது. செங்கல்பட்டில் ஏறும் டைம் ஆபீஸ் லோகநாயகி தினமும் ஆட்களை எண்ணிக் குறிப்பாள். ஆளை எண்ணினால் நேரமாகும் என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது அவள் வழக்கம். பின்னாலிருந்து இரண்டாவது சீட்டுக்கு மட்டும் கண்ணைத் தூக்காமலே 'ஒன்று' என்று சேர்த்துக்கொண்டு, நாற்பத்து மூன்று என்று எழுதி முடிப்பாள்.

ஜெபக்குமார் டைரியில் எழுத ஆரம்பித்தான். 'ஏ. ஏறினார். பேசவில்லை. நானும் பேசவில்லை.' மறுநாளும் அதையே எழுதினான். அதற்கு மறுநாள் 'மேற்படி' என்று போட்டான். போய்ப் பேச அவனுக்கு ஆசைதான். என்ன சொல்லி ஆரம்பிப்பது? வணக்கம், உங்களை ஒரு மாதிரி ஆளாக ஆக்கினது நான்தான் என்றா? ஒத்திகை பார்த்தான். ஒவ்வொரு வாக்கியமும் முந்தினதைவிட மோசமாக இருந்தது. மேற்படி. மேற்படி. மேற்படி. மூன்று வாரம் ஓடியது.

வெள்ளிக்கிழமை லோகநாயகிதான் அவனிடம் சொன்னாள். "உங்க கருங்குழி ஆளு இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு சொல்லிட்டாரு."

"ஏன் மேடம்?"

"வேலை பிடிச்சிருக்காம். பஸ்ஸுல வர முடியலயாம். ஒரு மாதிரியா இருக்குன்றாரு." அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை பிக்னிக்குக்கு வராரு. நீங்களாவது அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. எனக்குப் பேசலாம்னுதான் இருக்கு. ஆனா பயமா இருக்கு."

"எதுக்கு பயம்? லீவு லெட்டர்லாம் உங்ககிட்டதானே குடுக்கிறாரு?"

"குடுக்கிறாரு. கையெழுத்துகூட அழகா இருக்கு. அதான் இன்னும் பயமா இருக்கு."

மாமல்லபுரத்துக்கு அந்த வருஷத்துப் பிக்னிக் அதே பஸ்ஸில் போனது. பழக்கதோஷம், எல்லோரும் அவரவர் சீட்டிலேயே உட்கார்ந்தார்கள். கடற்கரையில் கயிறு இழுத்தார்கள், புளிசாதப் பொட்டலம் பிரித்தார்கள், திருநாவுக்கரசு அலையில் ஒற்றைச் செருப்பைப் பறிகொடுத்தான். ஏசுபாதம் தள்ளி நின்று, வலை உலர்த்துகிறவர்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். அவர்களோடு நன்றாகத்தான் பேசினான். சிரிக்கக்கூடச் சிரித்தான். ஜெபக்குமார் நாலு முறை அந்தப் பக்கம் நடந்து போய், நாலு முறையும் கடலைப் பார்க்க வந்தவன்போலக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

நாலு மணிக்கு பஸ் கிளம்பியது. லோகநாயகி வரிசை பார்த்து எண்ணினாள். "நாப்பத்தி மூணு. ரைட்."

திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினார்கள். ஜெபக்குமார் அங்கே ஒரு முடிவுக்கு வந்தான். வாக்கியம் எதுவும் வேண்டாம், டீ போதும். இரண்டு டீ வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். விரலைச் சுடச் சுட, கடைசி வரைக்கும் நடந்தான்.

பின்னாலிருந்து இரண்டாவது சீட்டில் யாரும் இல்லை.

கீழே இறங்கிக் கடையைச் சுற்றிப் பார்த்தான். இல்லை. இரண்டு டீயோடு வந்து நடுவில் நின்றான். "ஏசுபாதம் எங்க?"

"அங்கதான் கீறான்," என்றாள் சகுந்தலா, திரும்பாமல்.

"இல்லக்கா. திரும்பிப் பாருங்க."

சகுந்தலா திரும்பினாள். அவள் முகம் மாறியது. "இப்பதானே பார்த்தேன்! ஜன்னல்ல தலையைச் சாச்சிகினு தூங்கினு இருந்தானே!"

"நானும் பார்த்தேன்," என்றான் திருநாவுக்கரசு. "பூஞ்சேரி தாண்டச் சொல்ல."

"நான் எண்ணினேனே," என்றாள் லோகநாயகி. பிறகு சின்னக் குரலில், "எண்ணினேனா?" என்றாள்.

ஒரு மாதத்துக்கு முன் ஜெபக்குமார் ஒரு ஆளை இல்லாதவனாக்கிக் கதை சொன்னான். நாற்பது பேரும் அதைச் சிரத்தையாகச் செய்து முடித்திருக்கிறார்கள்.

"விட்டுட்டு வந்துட்டோம்," என்றான். "நெஜமான ஆளை, நெஜமான கடக்கரையில விட்டுட்டு வந்துட்டோம். பன்னீரண்ணே, வண்டியைத் திருப்புங்க."

"இத்தினி பேரையும் வச்சிகினா? பதினஞ்சு கிலோமீட்டருப்பா."

"திருப்புங்கண்ணே. அவரு மாசக் கடைசியில நிக்கப் போறாரு. இப்படி நிக்கக் கூடாது."

பன்னீர்செல்வம் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். கையில் இரண்டு டீ இன்னும் அப்படியே இருந்தது. வண்டியைத் திருப்பினார்.

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மதகுச் சுவரில் ஏசுபாதம் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றைத் தின்றுகொண்டிருந்தான். பஸ்ஸைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"இன்னா, ஆள் கொறையுதா?" என்றான்.

அவன் அத்தனை தெளிவாகப் பேசுவான் என்று யாருக்கும் தெரியாது. ஜெபக்குமார் ஆறிப்போன டீயை நீட்டினான். மூன்று வாரமாக ஒத்திகை பார்த்ததெல்லாம் ஓடிப்போய், "நான்தான் அந்தக் கதையைச் சொன்னேன்," என்பது மட்டும் வாயில் வந்தது. "மன்னிச்சிடுங்க."

"தெரியும். சேர்ந்த மறுநாளே கேட் வாட்ச்மேன் சொல்லிட்டாரு." ஏசுபாதம் டீயை ஒரே மடக்கில் குடித்தான். "கதை நல்லாத்தான் கீது. கேட்டுட்டு எனக்கே ரெண்டு நாளு தூக்கம் வரல. பொழுதன்னிக்கும் அதுக்குள்ளயே உக்காந்துகினு வரதுதான் பேஜாரு."

"இப்ப இன்னா பண்ணணும் சொல்லுங்க."

"டியூட்டி குடு. எல்லாரும் சொல்றீங்க, எனக்கு மட்டும் ஒருநாளும் தரல."

பஸ் மறுபடி கிளம்பியது. ஏசுபாதம் பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றான். வெளியே வெயில் சாய்ந்து, உப்பளக் காற்று வீசிக்கொண்டிருந்தது. சகுந்தலா ஒரு புதுப் பொட்டலம் பிரித்தாள்.

"ஒருத்தன் கருங்குழியில ஏறுறான்," என்று ஆரம்பித்தான். "இந்தத் தம்பி சொன்ன அதே ஆளு. பஸ்ஸுல யாரும் அவனைப் பார்க்க மாட்டாங்க. அவனும் பழகிட்டான். ஒருநாளு அவனுக்கு ஜுரம். வூட்டுலயே படுத்துட்டான். மறுநாளு ஏறுனா, மொத தபா ஒரு அக்கா அவனைத் திரும்பிப் பார்த்து, 'நேத்து இன்னாய்யா எங்களையே மொறைச்சிகினு வந்தே?'ன்னு கேக்குது."

"ஏய், நான் அப்பிடியெல்லாம் கேக்கல!" என்றாள் சகுந்தலா.

"கதைக்கா."

பஸ் சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தான்.

"சரி, கதை கெடக்கட்டும். போன செவ்வாக்கிழமை நான் இன்னா சட்டை போட்டுகினு வந்தேன்?"

"மஞ்சக் கோடு போட்டது," என்றாள் சகுந்தலா உடனே. "காலர்ல கிழிசல் கீது."

"படாளத்துல நான் ஏறச் சொல்ல ஜன்னல் கண்ணாடியை இறக்கினு இருந்தான்," என்றான் திருநாவுக்கரசு. "நல்லா ஞாபகம் கீது."

ஏசுபாதம் லோகநாயகியைப் பார்த்தான்.

லோகநாயகி கைப்பையைத் திறந்தாள், மூடினாள். "செவ்வாக்கிழமை அவரு லீவு," என்றாள். "ஜுரம்னு லெட்டர் குடுத்திருக்காரு. பிளான்ட்டுக்கு வேற ஆள் போட்டோம்." கைப்பையை மறுபடி திறந்தாள். "ஆனா பஸ் கணக்குல நான் நாப்பத்தி மூணுன்னுதான் எழுதியிருக்கேன்."

சகுந்தலாவின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றது.

ஜெபக்குமார் பையிலிருந்து டைரியை எடுத்தான். பக்கத்தைப் புரட்டும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. திங்கள்: மேற்படி. செவ்வாய்: மேற்படி. புதன்: மேற்படி. மூன்றும் ஒரே மாதிரி, ஒரே மசியில். செவ்வாய்க்கிழமை அவன் அந்த சீட்டைப் பார்த்தானா, பார்க்காமலே எழுதினானா? கண்ணை மூடி யோசித்தான். மஞ்சள் கோடு சட்டை அவன் கண்ணுக்குள்ளும் வந்தது. காலர் கிழிசலோடு.

பஸ் வேகம் குறைந்திருந்தது. முன்னாலிருந்து பன்னீர்செல்வத்தின் குரல் வந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல அண்ணாத்த," என்றான் ஏசுபாதம். "அவன்பாட்டுக்கு ஏறிகினு கீறான். நான் லீவு போட்டாலும்."

"டேய்!" என்று திருநாவுக்கரசு காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டான். யாரோ விசில் அடித்தார்கள். சகுந்தலா, "பாழாப்போறவனே, நாளைக்கு நான் எப்பிடி பஸ் ஏறுவேன்!" என்று கத்திவிட்டு, அதே மூச்சில் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள். "இந்தா, கடலை துன்னு. துன்றியான்னு பார்க்கணும்."

அவன் தின்றான். பஸ்ஸே பார்த்தது.

"எல்லாரும் உக்காருங்க," என்றாள் லோகநாயகி. "மறுபடி எண்ணப் போறேன். இந்தத் தடவை தொட்டு எண்ணுவேன்." ஒவ்வொரு தோளாகத் தட்டிக்கொண்டே வந்தாள். ஏசுபாதம் தன் சீட்டுக்குப் போயிருந்தான். பக்கத்தில் ஜெபக்குமார். ஏசுபாதத்தின் தோளுக்குமேல் அவள் கை ஒரு நொடி தயங்கியது. பிறகு தட்டியது. இன்னொரு முறையும் தட்டியது.

"நாப்பத்தி மூணு," என்றாள். "நீங்க மாசக் கடைசியில நிக்கிறீங்களா, இல்லையா? லெட்டரை மேலே அனுப்பணும்."

"கிழிச்சிடுங்க மேடம்," என்றான் ஏசுபாதம். "வியாழக்கிழமை டியூட்டி எனக்குக் குடுக்கிறதா இருந்தா."

ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் வியாழக்கிழமை அவனுக்குத்தான் என்றார்கள். வியாழக்கிழமைக்காரரே முதலில் சொன்னார்.

ஜெபக்குமார் மடியில் டைரியை விரித்துப் பேனாவை எடுத்தான். செவ்வாய்க்கிழமை வரியை அடிக்கப் போனவன், மனசு வராமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டான். பஸ் குலுக்கியதில் அது கோணலாக விழுந்தது. அதற்குக் கீழே, ஞாயிறு என்று எழுதினான்.

'ஏ. பேசினார். நானும் பேசினேன்.'